பன்றிக் காதும் நவமணியின் தலையும்

டாக்டர் கோகிலவாணிக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தெய்வசிகாமணிக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. மருந்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, முடி உதிர்வுக்கு மருந்து செய்யப் படிக்கிறேன் என்று வந்து நின்றவர். லேசுப்பட்ட ஆள் இல்லை. பிடித்தால் விடமாட்டார்.

அவர் செய்த மருந்து நல்ல மருந்துதான். கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்குள் மருந்தை அடைத்து, முடியின் ஓரமாக இறங்கி வேர்வரை போகும்படி செய்திருந்தார். மனிதத் தோல் மாதிரியே இருக்கும் என்று கசாப்புக் கடையில் பன்றிக் காது வாங்கி வந்து அதில் போட்டுப் பார்த்தார். ஜோராக இறங்கியது. நவமணியின் தலையில் மட்டும் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

நவமணி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். முடி கொட்டிக் கொட்டி வகிடு அகலமாகிப் போனதில் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். வீட்டுக் கண்ணாடிமேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். மாதக்கணக்கில் மருந்து போட்டும் ஒரு பலனும் இல்லை. அன்று வந்தவள் பாட்டிலைத் தெய்வசிகாமணியின் மேஜைமேல் வைத்தாள்.

“போதுங்க சார். மொட்டை அடிச்சுக்கிட்டு வீட்டோட கெடக்கறேன். இனி யாரையும் பாக்கவே வேண்டாம் எனக்கு.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரின் அறைக்கு ஓடினார்.

“டாக்டர், மருந்தோட வீரியத்தை ரெண்டு மடங்கு ஆக்கட்டுங்களா?”

“எதுக்கு?”

“தோல் மேலயே நிக்குதுங்க. உள்ள போகமாட்டேங்குது.”

“பன்றிக் காதுல போச்சே?”

“அதுதாங்க மண்டையைக் குடையுது. அந்தத் தோலுல போறது இந்தத் தோலுல ஏனுங்க போகலை?”

“எப்படிப் போட்டீங்கன்னு காட்டுங்க.”

ஃபிரிட்ஜில் இருந்த பன்றிக் காதை எடுத்து வந்தார். இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மருந்தை விட்டு, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார்.

“நல்லாத் தேய்ச்சாத்தானுங்க முடி ஆடும். முடி ஆட ஆட, துகளெல்லாம் அது ஓரமாவே கீழ இறங்கிரும்” என்று டாக்டருக்கே பாடம் நடத்தினார்.

“சரி. நவமணிக்கு எப்படிப் போடச் சொன்னீங்க?”

டிராப்பரை எட்டத்தில் பிடித்து மேஜைமேல் இரண்டு சொட்டு விட்டார். அவ்வளவுதான்.

“தேய்க்கச் சொல்லலையா?”

“ஐயோ, பாவமுங்க அந்தப் புள்ளை! கை வெச்சா இருக்கறதும் வந்துருமோன்னு நடுங்குது. தலை சீவறதே இல்லை. தண்ணிகூட மேலாப்புலதான் ஊத்திக்குது. எனக்கும் பயந்தானுங்க. தொடாம விட்டுக்கோ கண்ணுன்னு சொல்லிட்டேன்.”

“பன்றி பயப்படலை போலிருக்கு” என்றார் டாக்டர்.

தெய்வசிகாமணி கையிலிருந்த காதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் கை கழுவிக்கொண்டு நவமணியை உள்ளே அழைத்தார். முக்காட்டை எடுக்கச் சொன்னார். அவள் எடுக்க மனமில்லாமல் எடுத்தாள். வகிட்டோரம் மருந்தை விட்டு, விரல்களால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். நாலைந்து முடி விரலோடு வந்தது.

“ஐயோ, வந்துருச்சு! பாருங்க, வந்துருச்சு!”

டாக்டர் அதை மறைக்கவில்லை. அவள் உள்ளங்கையிலேயே வைத்தார்.

“இது முன்னாடியே வேரை விட்டுட்ட முடி கண்ணு. நீதான் விடாம வெச்சிருந்தே.”

நவமணி ஓவென்று அழுதாள். அழாதே என்று டாக்டர் சொல்லவும் இல்லை, தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை. அழுகை தேய்ந்து விம்மலாயிற்று.

“என் தலையில ஒருத்தர் கை வெச்சு எவ்வளவு நாளாச்சுங்க” என்றாள்.

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

“இந்தப் பக்கம் ஆச்சு. அந்தப் பக்கம் பாக்கி.”

தெய்வசிகாமணி பதறி முன்னே வந்தார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார்.

நவமணி கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள். விரல் நுனி வகிட்டில் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மெல்லத் தேய்த்தாள். ஒரு முடி மடியில் விழுந்தது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். தேய்ப்பதை விடவில்லை.

கிளம்பும்போது மேஜைமேல் இருந்த பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் போன பிறகும் தெய்வசிகாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இன்னைக்கு மருந்து வேர் வரைக்கும் போயிருக்குமுங்களா, டாக்டர்?”

“அது தெரிய இன்னும் மாசக்கணக்காகும் சார். அவ கை தலை வரைக்கும் போயிருச்சு.”