பச்சை வளையல் போட்ட கை

வீட்டுக்குப் போக விடுங்கள் என்று கேட்கத்தான் தணிகாசலம் டாக்டரம்மாவின் அறைக்குப் போனான்.

செல்போனில் ஆபாசப் படம் பார்ப்பதை விட முடியாமல் அவன் இந்த மலையடிவாரத்து இல்லத்துக்கு வந்தது சித்திரையில். இப்போது ஆவணி. மருந்து, குழுப் பேச்சு, தோட்ட வேலை எல்லாம் ஆயிற்று. "விட்டாச்சு விட்டாச்சுன்னு சொன்னதெல்லாம் போதும். இன்னொரு பொய்யோட மட்டும் வாசல்ல வந்து நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் மனைவி வசுமதி. அவள் துணி மடிப்பதும், தூக்கத்தில் முனகுவதும், ஏன், கோபத்தில் கதவை அறைந்து சாத்துவதும்கூட அவனுக்கு இப்போது ஏக்கமாக வந்தது.

டாக்டரம்மா மரகதம் வயதில் அவனைவிடச் சின்னவள். ஆனாலும் அந்த இல்லத்தில் எல்லோருக்கும் குரு அவள்தான். ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாறியிருக்கு, தணிகாசலம்?"

"இப்பல்லாம் எந்தப் பொம்பளையையும் நான் நிமிர்ந்து பார்க்கிறதில்லை." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"காலையில உங்களுக்கு இட்லி வெச்சது யாரு?"

"சமையல்காரம்மா."

"பேரு?"

"தெரியாது. பச்சை வளையல் போட்ட கை."

"போன்ல பார்த்தப்பவும் அப்படித்தானே பார்த்தீங்க? கை, கால், இடுப்புன்னு."

அவனுக்குச் சுருக்கென்றது. "இது என்ன நியாயம் டாக்டரம்மா? பார்த்தாலும் தப்பு, பார்க்கலைன்னாலும் தப்பா? கண்ணைப் பிடுங்கி வெச்சிடட்டுமா?"

"வேண்டாம். சமையல்கட்டுல முருங்கைக்காய் நறுக்கணும். கண்ணு தேவைப்படும். போங்க."

போனான். பச்சை வளையல் போட்ட கை அரிவாள்மணையை அவன் பக்கம் நகர்த்தியது.

"என்ன சார், தரையில ஏதாவது தொலைச்சிட்டீங்களா? நான் வந்த நாளா தேடுறீங்க."

அவன் காயைப் பார்த்தபடியே கேட்டான். "நீங்க ரொம்ப நாளா இங்க வேலை பாக்கறீங்களாம்மா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வேலையா? இங்க சமையல்காரின்னு யாரும் கிடையாது சார். தங்கி வைத்தியம் பார்க்கிறவங்கதான் முறை வெச்சுச் சமைக்கிறோம். நீங்க முதல் நாளே தோட்ட வேலையே போதும்னு ஓடிட்டீங்களாம். என் பேரு சபிதா. நானும் உங்க வியாதிக்குத்தான் வந்திருக்கேன்."

அவன் கை நின்றது. தன்னையறியாமல் நிமிர்ந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். தூக்கம் கெட்ட முகம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சோர்வு.

"உங்களுக்குமா?"

"ஏன், போனு ஆம்பளைக்கு மட்டுமா விக்கிறாங்க? உங்களுக்கு வந்தா வியாதிங்கிறாங்க. எனக்கு வந்தப்ப வேற பேரு வெச்சாங்க. புருஷன் கொண்டுபோய் அம்மா வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போனாரு. அம்மா கதவையே திறக்கலை."

அவன் முருங்கைக்காயின் நாரை உரித்துப் போட்டான்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க தலையைத் தூக்கினாத்தானே கேக்க! எனக்கு முன்னாடி வந்தவர் நீங்க. அந்த ஆசை குறையுதா சார்?"

ஆண்களின் குழுப் பேச்சில் 'குறைஞ்சாச்சு' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் அவன். அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண் இமைக்காமல் காத்திருந்தாள்.

"சில நாள் குறையும். சில நாள்... குறையலைம்மா."

"அப்பாடா," என்றாள் சபிதா. "எனக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்."

இருவரும் காய் முழுவதையும் நறுக்கி முடித்தார்கள்.

கையைக்கூடத் துடைக்காமல் அவன் டாக்டரம்மாவிடம் வந்தான்.

"அது இன்னும் போகலை டாக்டரம்மா. எல்லார்கிட்டயும் போயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும்."

"வசுமதியைப் பார்க்கணும்னு நெஞ்சு கிடந்து அடிச்சுக்குது. இனிமே எப்படிக் கேக்கிறது, வீட்டுக்கு விடுங்கன்னு?"

"போயிட்டு வாங்க. வாராவாரம் இங்க வந்துடணும். மருந்தை நிறுத்தக் கூடாது."

அவன் திகைத்தான். "குணமாயிடுச்சான்னு அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"கேக்கிறதுக்கு முன்னாடி அவங்க உங்க முகத்தைப் பார்ப்பாங்க," என்றாள் மரகதம். "பார்த்து முடிக்கிற வரைக்கும் குனியாம நில்லுங்க."