விளக்கடி தேய்த்த அஞ்சுகத்தம்மையார்

இறைவனுக்கு மாலை சாற்றப் பலர் வருவார்கள். பாலும் பன்னீரும் சுமந்து வரவும் ஆள் உண்டு. சந்நிதித் தரையில் சிந்திய எண்ணெயில் யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள யார் வருவார்? திருநெல்லிமங்கலம் நெல்லிவனநாதர் கோயிலில் அந்தத் திருப்பணியை முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்தவர் அஞ்சுகத்தம்மையார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. விடியற்காலையில் குருக்கள் கதவைத் திறந்ததும் உள்ளே போய், விளக்குகளின் அடியில் உமியும் சாம்பலும் தூவி, மண்டியிட்டு, "நெல்லிவனநாதா, நெல்லிவனநாதா" என்று சொல்லியபடியே தேய்ப்பார்.

அவருடைய கன்னத்தில் புற்று வந்தது. பெரியாஸ்பத்திரியில் தாடையின் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். முப்பது நாள் கரண்டு என்னும் கதிர்வீச்சு வைத்தார்கள். புண் ஆறவில்லை, பேச்சும் போனது. இறைவன் பெயரை இனி வாயால் சொல்ல வழியில்லை என்று ஆனபோது அம்மையார் அழுதார். மறுநாளே முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு தேய்க்க வந்துவிட்டார். கும்பிட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நடந்தார்கள்.

கோயில் மேலாளர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். "இந்தா பாரும்மா, சனங்க வர்றதுக்கு முன்னாடி வேலைய முடிச்சிட்டுப் போயிடணும். ஒரு நாள் வராம நின்னாலும் வேற ஆளப் போட்டுருவேன், சொல்லிட்டேன்."

அம்மையார் தலையை ஆட்டினார். உடம்பு போவதாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடக் கூடியவர்தாம். அந்தத் தரை தம் கையை விட்டுப் போவதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பகலை எப்படியோ தள்ளிவிடலாம். இரவுதான் தள்ளாது. பத்து மணிக்கு மாத்திரை போட்டால் ஒரு மணிக்கு வலி எழுப்பிவிடும். ஊரே உறங்கும்போது தாம் மட்டும் விழித்துக் கிடப்பது அந்த வலியைவிடக் கொடியது. பட்டவர்களுக்கு அது தெரியும்.

பட்டவர் ஒருவரே துணைக்கும் வந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்கஜவல்லி, வெளியூர்க்காரர். அவருக்கு நாக்கில் புற்று. இருவருக்கும் பேச்சு இல்லை. பங்கஜவல்லி ஒரு தாளில் எழுதிக் காட்ட, அம்மையார் எழுத்துக் கூட்டிப் படித்தார்: "தூக்கம் வரலேன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க. நானும் முழிச்சிருந்தா திருப்பிக் குடுக்கறேன்."

அன்று முதல் ஏழு மாதம் அப்படியே நடந்தது. இங்கிருந்து ஒரு மணி போகும், அங்கிருந்து ஒரு மணி வரும். அவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே அம்மையார் இரவுக்குப் பயப்படுவதை விட்டார்.

கார்த்திகையில் ஓர் இரவு பதில் வரவில்லை. மறுநாள் பங்கஜவல்லியின் கணவர் கூப்பிட்டு, முடிந்துவிட்டது என்றார். அம்மையார் தரையைத் தேய்த்தபடியே மனத்துக்குள் இறைவனோடு சண்டைக்கு நின்றார்: "எனக்குன்னு இருந்தது அந்த ஒரு சீவன். அதையும் எடுத்துக்கிட்டியா? நீ பாட்டுக்குப் பள்ளியறையில படுத்துத் தூங்கு. ஒனக்கென்ன!"

ஐந்தாம் இரவு புதிய எண்ணிலிருந்து ஒரு மணி வந்தது. அம்மையார் திருப்பி அடித்தார். உடனே எடுத்துப் பேசியது ஓர் இளங்குரல்.

"செல்வராணிங்க. பங்கஜக்காதான் ஆஸ்பத்திரியில உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போனாங்க. நாளைக்கு எனக்குத் தாடையில ஆபரேசன். பயமா இருக்குக்கா. நீங்க பேச வேணாம். கட் பண்ணாம இருங்க, அது போதும்."

அந்தப் பெண் அழுதபோதெல்லாம் அம்மையார் நகத்தால் போனைத் தட்டினார், இருக்கிறேன் என்று. இரண்டரை மணி நேரம் தட்டினார். அவள் தூங்கிப்போன மூச்சு கேட்டபின், மாதக்கணக்கில் சரியாக உறங்காத அம்மையாரும் இருந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. தலையைக்கூட முடியாமல் கோயிலுக்கு ஓடினார். வேறு ஆள் உள்ளே இருப்பாள் என்றே நினைத்தார். விளக்கடிக் கல்லோ பளிச்சென்று இருந்தது.

குருக்கள் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, மறுபடியும் வந்திருக்கே? விடியக்காலம்பறவே வந்து தேச்சுட்டுப் போனியே. மூஞ்சியக் கட்டிண்டு, கன்னத்தப் பிடிச்சுண்டு ஒக்காந்திருந்தே. வலிக்கறதான்னு கேட்டேன். 'ராத்திரி பூரா கண்ணு மூடல சாமி'ன்னு சொன்னே."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பேச்சிழந்த பெண்மணி எப்படிப் பதில் சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கருவறைக்குள் பார்த்தார். "காத்தால சுவாமி வஸ்திரத்துல உமி ஒட்டிண்டிருந்துது. எலி இழுத்துண்டு வந்துதுன்னு நெனச்சுட்டேனே" என்றார்.

அம்மையார் கல்லில் விழுந்து அழுதார். வேலை தப்பியதற்காக அழவில்லை. தம் வலியை வாங்கி வைத்துக்கொண்டு ஒருவர் இரவு முழுதும் விழித்திருந்தாரே என்று அழுதார்.

நோய் தீரவில்லை. பங்குனி வரை இருந்தார். கடைசி நாளுக்கு முந்தைய நாளும் வந்து தேய்த்தார். தூங்காத இரவுகள் இன்னும் பல இருந்தன. அவற்றில் ஒன்றிலும் அவர் தனியே இல்லை. கல்லில் காய்த்துப்போன அவர் முழங்கால்களுக்கு எங்கள் வணக்கம்.