மரநாயின் ஹைட்ரஜன் வித்தை

கரடிப்பாறைக் காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். கோடையில் அது வற்றத் தொடங்கியதும், முள்ளம்பன்றி பாறைமேல் எட்டு சோலார் தகடுகளைப் பதித்தது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இறக்கியது. வெயில் இருக்கும்வரை குளத்தில் தண்ணீர் கொட்டியது. பொழுது சாய்ந்தால் மோட்டார் நின்றுவிடும்.

இது மரநாய்க்குப் பொறுக்கவில்லை.

"சூரியன் தூங்கினால் இதுவும் தூங்குகிறது! இதற்குப் பெயர் இயந்திரமா?" என்று காட்டின் தலைவரான காட்டெருமையிடம் கேட்டது. "நான் ஹைட்ரஜன் தருகிறேன், தலைவரே! எரித்தால் புகை இல்லை, கரி இல்லை. இரவிலும் மோட்டார் ஓடும்!"

காட்டெருமைக்கு ஹைட்ரஜன் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "பிரமாதம்! நானும் அதைத்தான் நினைத்தேன்!" என்றது.

மரநாய் பளபளவென்று ஒரு தொட்டியை நிறுத்தியது. மோட்டாருக்குப் போன வயரைப் பிடுங்கித் தன் தொட்டியில் செருகியது.

"அடடா, அது என் தகட்டு வயர்!" என்றது முள்ளம்பன்றி.

"பழைய சரக்குக்கு இவ்வளவு அலட்டலா!" என்று சிரித்தது மரநாய். காட்டெருமையும் சேர்ந்து சிரித்தது.

அன்று பகல் முழுவதும் மோட்டார் ஓடவில்லை. இரவில் தொட்டியிலிருந்த ஹைட்ரஜனால் ஓடியது. விலங்குகள் கைதட்டி முடிப்பதற்குள் நின்றுபோனது. மறுநாளும் அதே கதை. நான்காம் நாள் குளம் சேறாகிவிட்டது. மான்கள் வேறு காட்டுக்குக் கிளம்பின.

"எங்களால் நடந்து போக முடியாதே, தலைவரே!" என்று சேற்றிலிருந்து கதறியது ஒரு தாய்க் கெளுத்தி மீன். அதன் குஞ்சுகளில் பாதி செத்துக் கிடந்தன.

முள்ளம்பன்றி மரநாயின் எதிரே வந்து நின்றது.

"ஹைட்ரஜனை எதிலிருந்து எடுக்கிறாய்?"

"தண்ணீரிலிருந்து!"

"தண்ணீரைப் பிரிக்க என்ன வேண்டும்?"

"மின்சாரம்..."

"அது எங்கிருந்து வருகிறது?"

மரநாய் வாலைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. பாறைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"பத்துப் பங்கு மின்சாரத்தை விழுங்கி மூன்று பங்கைத் திருப்பித் தருகிறாய். அதற்கு இவ்வளவு வாய்! குளம் நிரம்பி, வெயில் மிச்சப்படும் நாளில் உன் தொட்டியை நிரப்பு. மழைக்கால இருட்டுக்கு உதவும். குளம் காயும்போது வயரைத் தொடாதே!"

முள்ளம்பன்றி வயரை மீண்டும் மோட்டாரில் மாட்டியது. தண்ணீர் பீறிட்டது. காட்டெருமை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அப்போதே நினைத்தேன்!" என்றது.

அதை ஒரு தவளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எதனிடம் வாங்கிப் பிழைக்கிறானோ அதையே இகழ்கிறவனை நம்பினால், கையில் இருப்பதும் போய்விடும்.