அம்பாசிடரின் வெளிச்சம்

பூவராக சுவாமியின் சீடர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம். சுவாமியைவிடவே பத்து வயது பெரியவர். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், மடத்தில் சேரும்போது தன் அம்பாசிடரையும் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். சுவாமி எந்த ஊருக்குச் சொற்பொழிவுக்குப் போனாலும் அவர்தான் காரோட்டி. அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார அவர் சம்மதித்ததே இல்லை.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. ஒரு வாரமாகவே எதிரே வருகிறவர்கள் கண் கூசுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நேற்று இருட்டுகிற நேரத்தில் ஒரு பால்காரர் வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். நல்லவேளை, பாலோடு போயிற்று. சேற்றில் நின்றபடி அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள லைட்டைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா நான் பஸ்ல போய்க்கிறேன்,” என்றார் சுவாமி.

பாவம், தணிகாசலம் சாப்பிடக்கூட இல்லை. மெக்கானிக் வந்து முன்பக்கம் குனிந்து பார்த்தார். “லைட் திருகு இதுக்கு மேல இறங்காதுங்க,” என்று கையை விரித்துவிட்டுப் போனார். காரை மடைப்பள்ளிச் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டால், வெளிச்சம் ஓட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாய்ந்தது. சுவாமி வந்தார்.

“எதிர்ல வர்றவங்களுக்குத்தான் கண்ணுல ஏதோ கோளாறு, சுவாமி.”

“இருக்கும். நீங்க சீட்ல உட்கார்ந்து லைட்டைப் போடுங்க.”

சுவாமி லைட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் காருக்குப் பின்னால் போனார். தொப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கூரையிலிருந்த வெளிச்சம் மெல்ல ஜன்னலுக்கு வந்தது. அப்புறம் ஜன்னலைவிட்டுத் துவைக்கிற கல்லுக்கு இறங்கியது.

தணிகாசலத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. “இறங்கிடுச்சு சுவாமி! எந்தத் திருகைத் தொட்டீங்க?”

இறங்கிப் பின்னால் ஓடினார்.

டிக்கி காலியாகத் திறந்து கிடந்தது; பாரம் குறைந்த பின்பக்கம் மேலே எழும்பியிருந்தது. போன வாரம் அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டுகள் தரையில் அடுக்கியிருந்தன. தணிகாசலமே எழுதியது. அட்டை முழுக்க அவருடைய படம், மூலையில் சின்னதாகத் தலைப்பு: ‘அடக்கம்’. போகிற ஊரிலெல்லாம் கொடுப்பதற்காகக் கூடவே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

கட்டுகள்மேல் உட்கார்ந்து சுவாமி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. “அடக்கம் இல்லாமலா, சுவாமி, கூட்டத்துக்குப் போறது?”

“இறக்கி வச்சுட்டு வாங்க. அதை ஏத்திக்கிட்டு வந்தாத்தான் எதிர்ல வர்றவன் கண்ணு கூசுது.”