யானையின் ஐந்தாம் கால்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்துமூன்று. அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை குருவை "குருவே" என்பாள்.

அந்தக் "குருவே" முதலில் நக்கலாகத்தான் ஆரம்பித்தது. திருச்சியில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், பூங்கோதை விடிகாலையில் கண்ணை மூடி உட்காருவாள். கூட உட்கார ஆசைப்பட்டவர்கள் உட்காரலாம். உபதேசம் கிடையாது, பஜனை கிடையாது. இவள் என்ன அப்படிப் பெரிய குரு என்று பார்த்துவிட்டு வரப்போன வைஜயந்தி, "பாய் கோணலா விரிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அதே பாயில் உட்கார்ந்தாள். பிறகு தினமும் உட்கார்ந்தாள். இருவரும் சிநேகிதிகளானார்கள். நக்கல் எந்த நாளில் கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் தஞ்சாவூருக்கு ரயில் ஏறினார்கள். வைஜயந்தியின் தம்பி மனைவி சுகந்தி அங்கே ஒரு துணிக் கண்காட்சி வைத்திருந்தாள். போய்விட்டுச் சாயங்காலமே திரும்புவதாகத் திட்டம்.

திருவெறும்பூர் தாண்டும்வரை வைஜயந்தி பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்கக்கா."

"வாயைக் கட்டறது எப்படி?"

பூங்கோதை ஜன்னலிலிருந்து திரும்பினாள். "யார் வாயை?"

"வேற யார் வாயை? என் வாயைத்தான்."

"எதுக்குக் கட்டணும்?"

"சொல்றேன். இந்த சுகந்தி இருக்காளே, துணித் துண்டுகளை வெட்டி, இன்னொரு துணிமேல வெச்சுத் தைச்சுப் படம் பண்ணுவா. முதன்முதலா பண்ணினதை ஆசை ஆசையா எங்கிட்டதான் கொண்டுவந்து காட்டினா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஏம்மா, இது வாசல்ல போடற மிதியடியா?'ன்னேன்."

"நல்லா இல்லையா?"

"நல்லாவே இல்ல! மயில்னா. மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருந்துச்சு. உண்மையைத்தானே சொன்னேன்?"

"ம்."

"மூணு வருஷம் ஆச்சு. அவ என் வீட்டு வாசப்படி மிதிக்கல. தம்பி மட்டும் பொங்கல் சீர் கொண்டுவருவான். உள்ளே வரமாட்டான். பைக்கை ஆஃப்கூடப் பண்ணாம, பையைக் கையில கொடுத்துட்டுப் போயிடுவான். அந்த டுபுடுபு சத்தத்துல 'வா, காபி சாப்பிடு'ன்னு நான் கத்தறது எதிர்வீட்டுக்குத்தான் கேக்கும்."

பூங்கோதை சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. எனக்குப் பிறந்த வீடுன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு வீடுதான். இப்ப அவளே கூப்பிட்டிருக்கா. போன்ல தம்பி கிருபாதான் பேசினான். 'அக்கா, கண்டிப்பா வரணும். ஆனா...'ன்னான். அதுக்குள்ள சுகந்தி போனைப் பிடுங்கிட்டா. அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாதா? வந்தா வாயை மூடிக்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

"மூடிக்கிட்டு இருக்கலாமே."

"எப்படி இருக்கறது? கான்வென்ட் ஸ்கூல்ல எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர், நோட்டுல ஒரு புள்ளி தள்ளி வெச்சாலும் கண்டுபிடிப்பாங்க. அவங்ககிட்ட படிச்ச அத்தனை பேர்ல அந்தக் கண்ணு எனக்கு மட்டும் ஒட்டிக்கிச்சு. கண்ணு பார்த்ததும் வாய் சொல்லிடுது. நடுவுல ஒரு கேட் கிடையாது. இன்னிக்கும் சொல்லித் தொலைச்சேன்னா பிறந்த வீடு முடிஞ்சது. சொல்லுங்க குருவே."

பூங்கோதை தன் துணிப்பையைத் துழாவினாள். கட்டிக் கல்கண்டு ஒன்றை எடுத்து வைஜயந்தியின் உள்ளங்கையில் வைத்தாள். நெல்லிக்காய் அளவு இருந்தது. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வைஜயந்திக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. வகுப்பில் டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவள் அவள்.

"புரிஞ்சுடுச்சு குருவே."

"அப்படியா!" என்றாள் பூங்கோதை.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. படியேறி முடித்ததும் வைஜயந்தி கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டாள். இடது கன்னம் புடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

வாசலில் அந்த மயில் கிடந்தது.

அதே மயில்தான். அதே நனைந்த கோழி. மிதியடியாகப் போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் கால் துடைத்த தூசி அதன் தோகையில் இருந்தது.

வைஜயந்திக்குக் காது சூடாகிவிட்டது. வரச்சொல்லி, வாசலிலேயே வைத்து, நடு மூஞ்சியில் கொடுத்திருக்கிறாள்! புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதியடியைத் தாண்டிக் குதித்தாள். பின்னால் வந்த பூங்கோதை சாவகாசமாக இரண்டு காலையும் அதில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே சுவரெல்லாம் துணி. வாழைத்தோப்பு, குளத்துப் படித்துறை, ஒரு மழைநாள் பேருந்து நிறுத்தம். நன்றாக இருந்தன. மூன்று வருஷத்தில் கை இவ்வளவு தேறுமா என்று வைஜயந்தியே அசந்துபோனாள். நடுச்சுவரில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு தேர்த் திருவிழா. தேர், வடம் பிடிக்கும் கூட்டம், முன்னால் ஒரு யானை.

யானைக்கு ஐந்து கால்.

தும்பிக்கையைத் தள்ளிவிட்டு எண்ணினாள். வாலையும் தள்ளிவிட்டு எண்ணினாள். ஐந்துதான். ஐந்தாவது கால் வயிற்றுக்கு நடுவில், கட்டிலுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி நின்றது.

வைஜயந்தியின் நாக்கு கல்கண்டைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றியது.

"வாங்க அண்ணி!" சுகந்தி ஓடிவந்தாள். நெற்றியில் வியர்வை, கழுத்தில் அளவு நாடா. "ரயில்ல இடம் கிடைச்சுதா?"

"ம்."

"இவங்க உங்க ஃபிரண்டா?"

"ம்."

"எல்லாம் பாத்தீங்களா அண்ணி?"

"ம்ம்."

சுகந்தி தேரின் பக்கம் போய் நின்றாள். "இதான் பெருசு. ஆறு மாசம் ஆச்சு. இந்த யானை மட்டும்..." என்று யானையின் வயிற்றருகே விரலைக் கொண்டுபோய், வைஜயந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"ம்" என்றாள் வைஜயந்தி. கண்ணில் நீர் முட்டியது. அடக்குவதும் ஒரு வலிதான். பிரசவத்துக்குப் பிறகு இப்படி ஒன்றை அவள் அனுபவித்ததில்லை.

சுகந்தியின் விரல் மெல்ல இறங்கியது. "சரி அண்ணி. பாருங்க" என்றாள். நகர்ந்து போனாள்.

கிருபாகரன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "வாக்கா" என்றான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். நாற்காலியை வைத்துவிட்டுப் போனான்.

தடுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து சுகந்தியின் குரல் கேட்டது. தணிந்த குரல்தான். ஆனால் வைஜயந்தியின் காது கண்ணுக்குக் குறைந்ததல்ல.

"மூணு வருஷமா நான் போகலைன்னு அண்ணிக்கு இன்னும் கோபம் போகலைங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசினாங்களா? யானையைக் காட்டறேன், ஏதோ யார் வீட்டுத் துணியையோ பாக்கற மாதிரி பாக்கறாங்க. மிதியடியையும் தாண்டிக் குதிச்சாங்களாம். விளையாட்டா எடுத்துப்பாங்கன்னு நினைச்சேன். நான்தான் தப்பு பண்ணிட்டேன். இனிமே அவங்க வரமாட்டாங்க."

"விடு" என்றான் கிருபாகரன். அந்த ஒரு சொல்லில் அவன் அப்பாவின் குரல் இருந்தது.

வைஜயந்தி குருவைத் தேடினாள். குரு மழைநாள் பேருந்து நிறுத்தத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவளும் அந்தப் பேருந்துக்குத்தான் காத்திருப்பவள் போலிருந்தது. திரும்பவே இல்லை.

கல்கண்டு இன்னும் பாதிகூடக் கரையவில்லை.

கடக்.

ஒரே கடி. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுகந்தி! இங்க வா!"

சுகந்தி வந்தாள். பின்னால் கிருபாகரனும் வந்தான்.

"என்னடி இது யானைக்கு அஞ்சு கால்? ஆறு மாசம் தைச்சியே, ஒரு தடவை எண்ணிப் பாக்கமாட்டியா? நடு வயித்துல ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கே, அது என்ன யானையா, சைக்கிளா?"



சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். "பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!" என்று கணவனின் தோளில் அடித்தாள்.

"என்னடா நடக்குது?" என்றாள் வைஜயந்தி.

"அதைத்தான்கா போன்ல சொல்ல வந்தேன். 'ஆனா வந்ததும் யானையைப் பாரு'ன்னு. அதுக்குள்ள பிடுங்கிட்டா" என்றான் கிருபாகரன்.

"சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?" சுகந்தி கண்ணைத் துடைத்தாள். "காலையிலேர்ந்து வந்தவங்க அத்தனை பேரும் சூப்பர், சூப்பர்னுட்டுப் போயிட்டாங்க அண்ணி. ஒருத்தர் கண்ணுலயும் படல. பட்டாலும் வாயில வரல. அந்தக் காலை நான்தான் வேணும்னே வெச்சேன். சும்மா ஓட்டுத்தையல்தான். ஒரே இழுப்புல வந்துடும். நீங்க இழுக்கணும்."

"நான் எதுக்கு இழுக்கணும்?"

"கல்யாணத்துல இவரு ரெண்டு முடிச்சு போட்டாரு. மூணாவது முடிச்சு நாத்தனார் நீங்கதானே போட்டீங்க? இதுலயும் கடைசிக் கை உங்களுதா இருக்கட்டும்னு நினைச்சேன். மாலை போட்டு மேடைக்குக் கூப்பிட்டா யார் வேணா வருவாங்க. நீங்களா கண்டுபிடிச்சு, நீங்களா திட்டணும். அப்பதான் நீங்க வந்த மாதிரி இருக்கும்."

 வைஜயந்தியின் நாக்கில் என்னவோ நெருடியது. எடுத்துப் பார்த்தாள். கல்கண்டுக்குள் இருந்த நூல்.

"அந்த மிதியடி?" என்றாள்.

"நீங்க சொன்ன மாதிரியே போட்டேன் அண்ணி. நல்லா உழைக்குது."

வைஜயந்தி யானையின் வயிற்றருகே குனிந்து, தொங்கிய நூல்நுனியைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று மொத்தமும் வந்தது. ஐந்தாவது கால் அவள் கைக்குள் விழுந்தது. யானை நாலு காலில் ஒழுங்காக நின்றது.

யாரோ கைதட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தின் பக்கமிருந்துதான்.

அப்புறம் சாயங்காலம்வரை நாத்தனாரும் தம்பி மனைவியும் சுவர் சுவராகப் போனார்கள். வாழைத்தோப்பில் ஒரு குலை தலைகீழாகத் தொங்குவதையும், படித்துறையில் ஒரு படிக்கு நிழல் விழாததையும் வைஜயந்தி எடுத்துக் காட்டினாள். அவை வேண்டுமென்று வைத்தவை அல்ல. சுகந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடுத்ததைத் தைக்கும்போதே காட்டறேன், அண்ணி" என்றாள். "எங்க கொண்டுவருவே?" என்றாள் வைஜயந்தி. "உங்க வீட்டுக்குத்தான்" என்றாள் சுகந்தி.

கிருபாகரன் அவர்கள் ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் ரயில் நிலையம்வரை வந்தான். பைக்கை ஆஃப் பண்ணினான். ஸ்டாண்டு போட்டான். ரயில் வரும்வரை அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். 

ரயில் கிளம்பியது. வைஜயந்தி கைப்பையைத் திறந்து ஐந்தாவது காலை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பையை மூடினாள்.

"குருவே."

"சொல்லுங்கக்கா."

"உங்கமேல எனக்குக் கோபம்."

"ஏன்?"

"வாயில பூட்டைப் போட்டு அனுப்பினீங்களே. அது கரையற வரைக்கும் நான் சும்மா இருந்திருந்தா இன்னிக்கு என் பிறந்த வீடே போயிருக்குமே!"

பூங்கோதை துணிப்பையைத் துழாவினாள். ஒரு கல்கண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து வைஜயந்தியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் இனிப்புதானே அக்கா குடுத்தேன்?"