இசட் ராடும் இரண்டு அப்பளமும்

பாளையங்கோட்டையில் ஸ்டெல்லா மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். காவி கிடையாது, தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. முப்பத்தைந்து வயதுப் பெண். சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் ஜிம் நடத்துகிறார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்பதுதான் ஊரில் அவர்மேல் உள்ள ஒரே புகார். மற்றபடி சீடர்களுக்குக் குறைவில்லை.

சீடர்களில் வயதில் மூத்தவர் சங்கரநயினார். மாஸ்டரைவிட இருபது வயது பெரியவர், பாத்திரக்கடை முதலாளி. எந்தப் பாத்திரத்தையும் கையில் வாங்கி ஒரு தரம் அசைத்துவிட்டு எடையைச் சொல்லிவிடுவார். பிறகு தராசில் வைத்தாலும் அதேதான் காட்டும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயத்தில், மேல்தட்டில் இருந்த அண்டாவை எடுக்க ஏணியில் ஏறியவர் அண்டாவோடு சேர்ந்து கீழே வந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினால் பாதியில் நின்றுவிடும். கோயிலில் விபூதி வாங்கினால் பாதி அவர் வேட்டியில் விழும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது "விடுங்க" என்கிற ஒரு சொல்தான். கடையில் குத்துவிளக்கை எடுக்கப் போனால், "அண்ணாச்சி, நீங்க விடுங்க" என்று கடை ஆட்கள் ஓடி வருவார்கள். வீட்டில் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனால், "நீங்க விடுங்க" என்பாள் மனைவி வடிவு. இடுப்பு வலியோடு கிரைண்டர் குழவியை அவளே தூக்கி இறக்குவாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு மனுஷனை உயிரோடு அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு அன்பே போதும்.

எடை தூக்கிப் பழகினால் கைக்குப் பலம் வரும் என்று டாக்டர் சொன்னார். சங்கரநயினார் மாஸ்டரிடம் வந்தார்.

"மாஸ்டர், இங்க நாலு பேர் முன்னால தூக்க வெக்கமா இருக்கு. வீட்டுலயே சின்னதா ஒரு ஜிம் போடலாம்னு பாக்கேன். கைக்கு எந்த ராடு வாங்கணும்?"

"உங்களுக்குத் தெரியாத உலோகமா அண்ணாச்சி? நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க."

அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

விளையாட்டுச் சாமான் கடையில் பித்தளைக் குடம் வாங்குகிற மாதிரியேதான் ராடு வாங்கினார். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசியில் நேராக, நல்ல பருமனாக, முகம் பார்க்கிற அளவுக்கு மினுமினுப்பாக இருந்த ஒன்று கணீர் என்றது. அதைக் கட்டச் சொன்னார். ராடைத் தட்டிப் பார்த்து வாங்கிய ஆளைக் கடைக்காரர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.

வீட்டின் பின்னறையில் ராடின் இரண்டு பக்கமும் வட்ட வட்டமான எடைப் பிளேட்டுகளை மாட்டித் தூக்கினார். பாதி தூரம் வருவதற்குள் மணிக்கட்டில் தீப்பிடித்தது. ராடு ஒரு பக்கம் சாய்ந்தது. பிளேட் நழுவாமல் இருக்க லாக் போட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சாய்ந்த பக்கத்துப் பிளேட் வழுக்கிக்கொண்டு போய், வடிவு ஆசையாக வாங்கி எண்ணெய் தடவிப் பழக்கி வைத்திருந்த மண்சட்டியின்மேல் விழுந்தது. பாரம் குறைந்ததும் ராடின் மறுபக்கம் தரையில் இடித்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

வடிவு ஓடி வந்தாள். சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்க" என்றாள், மெதுவாக.

மறுநாள் காலையில் நேர் ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜிம் படியேறினார்.

"நல்ல சத்தம் மாஸ்டர். ஆனா கைக்குச் சேரல."

மாஸ்டர் ராடைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணை மூடுங்க. ரெண்டு கையிலயும் விபூதி வாங்குங்க, பாப்போம்."

அவர் கண்ணை மூடிக் கைகளை நீட்டினார்.

"இப்பத் திறந்து பாருங்க. வலது கை எங்க நிக்குது?"

"பாதியில."

"அது போதும்."

மாஸ்டர் மூலைக்குப் போய் வேறொரு ராடு கொண்டுவந்தார். நடுவில் மேலும் கீழுமாக வளைந்து போகிற இசட் ராடு. அதை அவருடைய நீட்டிய கைகளில் அப்படியே வைத்தார். பாதி திரும்பிய அந்த உள்ளங்கைக்குள் ராடின் சரிவு வந்து உட்கார்ந்தது. விரல்கள் சுற்றிப் பிடித்தன. கட்டைவிரல் மேலே ஏறிப் படிந்தது.

சங்கரநயினாரின் முகம் கோணியது.

"என்ன மாஸ்டர், இப்படி வளைஞ்சு கிடக்கு? எங்க கடையில ஒரு சாமான் இப்படி ஆச்சுன்னா பழைய இரும்புக்குல்லா போடுவோம்."

"வலிக்குதா?"

"வலி இல்ல."

"பின்ன?"

"பாக்க நல்லால்ல."

"இதை வளைச்சவன், உங்க கை மாதிரி ஒரு கையைப் பாத்துட்டுத்தான் வளைச்சிருப்பான். வேணும்னா தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தார். டொக் என்றது. வேறு வழியில்லாமல் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டார். நேர் ராடும் வீணாகவில்லை. வடிவு அதைப் பின்கட்டில் இரண்டு தூணுக்கு நடுவில் கட்டி ஈரச்சேலை காயப்போட்டாள். அவ்வளவு மினுமினுப்பான கொடி அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது.

கொஞ்ச நாள் போனதும் அவரே மாஸ்டரை வீட்டுக்கு அழைத்தார்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க மாஸ்டர்."

மாஸ்டர் வந்தார். சங்கரநயினார் இசட் ராடின் இரண்டு முனையிலும் பெரிய பிளேட்டாக மாட்டினார். மறக்காமல் லாக் போட்டார். இடுப்பை முன்னால் தள்ளினார், முதுகைப் பின்னால் வளைத்தார், குதிகாலில் எம்பினார். எப்படியோ ராடு நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. வாசல்வரை கேட்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

"எப்படி?"

"யாரு தூக்கினா?"

"நான்தான்."

"இடுப்பு தூக்குச்சு. முதுகு தூக்குச்சு. கை கூடவே போயிட்டு வந்துச்சு."

சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, பொரிச்ச அப்பளம் இருக்கா?"

மாஸ்டருக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து, வடிவு ஒரு தட்டில் இரண்டு அப்பளம் கொண்டுவந்தாள். மாஸ்டர் பிளேட்டுகளை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கழற்றி ராடை வெறுமையாக்கினார். சங்கரநயினாரைச் சுவரோடு சுவராக நிறுத்தினார். தலையும் முதுகும் சுவரில் பட்டன. இரண்டு முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக அப்பளத்தைச் செருகினார்.

"முதுகு சுவரை விட்டு வரக்கூடாது. அப்பளம் கீழ விழக்கூடாது, உடையக்கூடாது. தூக்குங்க."

"வெறும் ராடையா?"

"வெறும் ராடைத்தான்."

தூக்கினார். வலது பக்கம் மொறுக் என்றது. பதறிப்போய் இடது பக்கத்தை இறுக்கினார், அதுவும் மொறுக் என்றது. சட்டை முழுக்கத் தூள். வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணியிலிருந்து அவர் விழுந்தபிறகு அந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை.

சங்கரநயினாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாஸ்டர், இந்த விளையாட்டெல்லாம் இருக்கட்டும். எவ்வளவு வெயிட் தூக்கினா என் கை சரியாயிட்டுன்னு அர்த்தம்? அந்த வெயிட்டைச் சொல்லுங்க. நான் தூக்கிக் காட்டுதேன்."

மாஸ்டர் தரையில் படாத ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பு கொஞ்சம் கூட, அக்கா" என்றார். போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் இரண்டு அப்பளம் பொரிவது வழக்கமாயிற்று. "எண்ணெய் விக்கிற விலையில இது என்ன கூத்து" என்று வடிவு முணுமுணுத்தாள். ஆனால் ஒருநாளும் பொரிக்காமல் இருந்ததில்லை. உடைந்ததெல்லாம் மத்தியானம் ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

பாத்திரக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஒருநாள் முழுசாக இரண்டு அப்பளத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஜிம்முக்கு வந்தார்.

"உடையல மாஸ்டர். பாத்துக்கிடுங்க. இப்பவாவது அந்த வெயிட்டைச் சொல்லலாமா?"

மாஸ்டர் ஒன்றை வாங்கிக் கடித்தார். அது தோல்மாதிரி வளைந்தது, உடையவில்லை.

"வீட்டுல அடுப்பு எரியலையா அண்ணாச்சி?"

பொரிக்காத அப்பளத்தை வைத்துக்கொண்டு தூக்கியவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் ஏமாற்றவில்லை. முதலில் அப்பளம் தூளாயிற்று. பிறகு துண்டாயிற்று. பிறகு இடது பக்கத்து அப்பளம் மட்டும் தப்பித்தது. மூச்சை அடக்காமல் தூக்கவும், தூக்கியதைத் தொப்பென்று போடாமல் கிணற்றில் வாளி விடுகிற மாதிரி நிதானமாக இறக்கவும் கை தானாகக் கற்றுக்கொண்டது. ஒரு காலையில் இரண்டு அப்பளமும் முழுசாகக் கிடைத்தன. தட்டில் ஏந்திக்கொண்டு போய் வடிவிடம் நீட்டினார். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஒன்றை அவள் தின்றாள், ஒன்றை அவர் தின்றார்.

சின்ன பிளேட் மாட்டினார், மறுபடியும் உடைந்தது. உடைவது நின்றதும் இன்னும் கொஞ்சம் பெரிய பிளேட். அதிலும் உடைந்தது, அதுவும் நின்றது. ராடு, பிளேட், லாக் எல்லாவற்றையும் கூட்டிக் கிலோக் கணக்கு சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்கு வருகிறவர்களுக்கும் சொன்னார். ஆனாலும் குத்துவிளக்கைத் தொட்டால், "நீங்க விடுங்க அண்ணாச்சி"தான். வடிவும் குழவியை அவளேதான் தூக்கினாள். மாஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்டார்.

"இந்த வெயிட் போதுமா மாஸ்டர்?"

"லாக் போட்டீங்களா?" என்பார் மாஸ்டர்.

தீபாவளிக்கு முந்தின நாள். வடிவு வடைக்கு உளுந்து ஆட்டி முடித்து, மாவைச் சட்டியில் வழிக்கத் தொடங்கியிருந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், போனில் அவளுடைய தங்கை. இரண்டு கையிலும் முழங்கைவரை மாவு. சங்கரநயினார் வழக்கமான நாற்காலியில் வழக்கமான பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, குழவியைத் தூக்கிக் கழுவுற தொட்டியில வைங்க" என்றாள் வடிவு, திரும்பிப் பார்க்காமலே.

அவர் எழுந்தார். பேப்பர் கீழே விழுந்தது. குனிந்து குழவியை இரண்டு கையாலும் பிடித்தார். மாவில் வழுக்கியது. பாதி திரும்பிய வலது கை, கல்லின் சரிவில் வாகாகப் பொருந்தியது. முழங்கைகள் தாமாகவே விலாவோடு வந்து சேர்ந்தன. அங்கே அப்பளம் இல்லை. இருந்திருந்தால் உடைந்திருக்காது. தூக்கினார், நடந்தார், தொட்டியில் சத்தமில்லாமல் இறக்கினார்.

வடிவு தங்கையிடம் முறுக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் என்ன நிக்கீங்க? மாவு காய்ஞ்சிரும், கழுவுங்க."

கழுவினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன் தோளிலிருந்து நழுவி உளுந்துச் சட்டியில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தொட்டியில் இருந்த கல்லைப் பார்த்தாள். அவருடைய கையைப் பார்த்தாள்.

"நீங்களா தூக்கினீங்க?"

"நீதானே சொன்ன."

வடிவுக்கு அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் மாவாக இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். பெரிதாக மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப அந்த எண்ணெய் டின்னை இங்க நகத்துங்க. அரிசி மூட்டையை உள்ள வைங்க. அண்டாவுல தண்ணி பிடிங்க. இத்தனை மாசமா எவ்வளவு வேலை கிடக்கு, சும்மா உக்காந்துட்டு!"

இப்படி வெடுக்கென்று அவள் பேசிக் கேட்டு வெகு காலமாயிற்று. சங்கரநயினார் டின்னைத் தூக்கினார், மூட்டையை இழுத்தார், தண்ணீர் சுமந்தார். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாராவது பார்த்திருந்தால், அன்றைக்குத்தான் கல்யாணம் ஆனவர் என்று நினைத்திருப்பார்கள்.

தீபாவளியன்று மத்தியானம், வடை நிறைந்த பெரிய தூக்குப் போணியை வலது கையில் பிடித்துக்கொண்டு ஜிம் படிகளில் இரண்டிரண்டாக ஏறினார்.

"மாஸ்டர்! அவ வேலை வாங்குதா மாஸ்டர்! ஒரு நிமிஷம் உக்கார விடமாட்டேங்கா! குழவி தூக்கினேன், மூட்டை தூக்கினேன், இன்னைக்குக் காலையில கடையைத் திறந்து ஆளுயரக் குத்துவிளக்கை நானே எடுத்து வெளிய வச்சேன். ஒருத்தன் வாயைத் திறக்கலையே!"

எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். மாஸ்டரும் சிரித்தார். போணியைத் திறந்து ஒரு வடை எடுத்தார்.

"குழவி எத்தனை கிலோ இருக்கும் அண்ணாச்சி?"

எதைத் தொட்டாலும் எடை சொல்லுகிற மனுஷன் வாயைத் திறந்தார். தன் கையைப் பார்த்தார்.

"தெரியல மாஸ்டர். எடை பாக்கணும்னே தோணல."

மாஸ்டர் வடையைக் கடித்தார்.

"நீங்க கேட்ட வெயிட் அதுதான்" என்றார்.