தவளை வாய் மூடிய நேரம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கோயிலில் மணியடிக்கும் யோவேல் அண்ணன். என் இளைய மகளின் கல்யாணத்தன்று மழை கொட்டிப் பந்தல் சரிந்துபோயிற்று. மழை வரக் கூடாதென்று ஒரு வாரம் ஜெபித்திருந்த நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணனோ தன் காய்ந்த வயலுக்காக மழை கேட்டு ஜெபித்தவர். பந்தல் காலைத் தோளில் தாங்கிக்கொண்டே கதையைச் சொன்னார்.

ஒரு குளத்தில் தவளை ஒன்று இருந்தது. கோடையில் குளம் வற்றி, ஒரு கையகலச் சேறுதான் மிச்சம். தவளை அதில் உட்கார்ந்து, "ஆண்டவரே, மழை தாரும்" என்று மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தது.

"திங்கிறதுக்கு ஒரு பூச்சி கிடையாது. இதுக்குப் பேரு உபவாசமாக்கும்" என்றது பக்கத்து வளை நண்டு.

நாலாம் நாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் குளம் பாதி நிறைந்துவிட்டது. தவளைக்குத் தலைகால் புரியவில்லை. கல்மேல் ஏறிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தது.

"பாத்தீங்களா! நான் கேட்டேன், அவர் கொடுத்தார். என் ஜெபம்னா சும்மாவா?"

அப்போது குளத்து நடுவே இருந்த மண்மேட்டில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. தவளை நீந்திப் போய்ப் பார்த்தது. ஓர் எறும்பம்மா தன் கூட்டத்தோடு நின்றாள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு முட்டை. சுற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா அழுற?"

"குளம் காஞ்சிருக்கேன்னு இங்க வீடு கட்டினோம் அண்ணே. முட்டையெல்லாம் கரை சேர்க்கிற வரைக்கும் மழை வேண்டாம்னு மூணு நாளா ஜெபம் பண்ணினேன்."

தவளை திடுக்கிட்டது. "நீயும் அவர்கிட்டயா கேட்ட?"

"வேற யார்கிட்ட கேப்பேன்?"

"அப்போ உனக்கு அவர் மேல கோபம் இல்லையா?"

"வருத்தம் இருக்கு. ஆனா உங்க தோல் வெடிச்சுக் கிடந்ததையும் பாத்தேனே. அவர் சித்தம் இப்படி இருக்கு. எங்களைக் கைவிட மாட்டார். எப்படிக் காப்பாத்துவார்னுதான் தெரியல."

தவளை மெல்லத் திரும்பித் தன் முதுகைக் காட்டியது. "ஏறுங்க."

ஓர் எறும்பும் அசையவில்லை.

"அண்ணே, போன வாரம் எங்க சின்னம்மாவைத் தின்னது நீங்கதானே?"

"நான்தான்" என்று தலைகுனிந்தது தவளை. "இன்னிக்கு வாயைத் திறக்க மாட்டேன். ஆண்டவர் சாட்சி."

"இவன் வாயைத் திறக்காம இருந்து நான் பாத்ததே இல்லை" என்றது கரையில் நின்ற நண்டு.

தண்ணீர் காலைத் தொட்டது. எறும்பம்மா கண்ணை மூடி ஜெபித்துவிட்டு முதலில் ஏறினாள். மற்றவை பின்னால் ஏறின.

ஏழு நடை போய் வந்தது தவளை. வயிறோ மூன்று நாள் காலி. ஐந்தாம் நடையில் ஒரு குட்டி எறும்பு வழுக்கி நேராகத் தவளையின் உதட்டில் வந்து நின்றது. தவளை வாயை இன்னும் இறுக்கிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நீந்தியது.

"இதுதான்டா உபவாசம்" என்றது நண்டு.

ஏழாம் நடை கரை சேரவும் மேடு மூழ்கவும் சரியாக இருந்தது. ஒரு முட்டைகூடப் போகவில்லை.

"இப்போ சொல்லேன் உன் சாட்சியை" என்றது நண்டு.

தவளை எறும்பம்மாவைப் பார்த்தது. "அவ சொல்லட்டும்."

"மழையை நிறுத்தும்னு கேட்டேன்" என்றாள் எறும்பம்மா. "அவர் ஓடம் அனுப்பினார். பச்சை ஓடம், பசியோட."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது தவளைதான்.

நமக்குக் கிடைத்த ஆசீர்வாதம் நம் பெருமைக்கு அல்ல, அதே மழையில் நனைந்து நிற்கிறவரைத் தாங்குவதற்கே.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் ஜெபம் கேட்கப்பட்டால், சாட்சி சொல்ல எழும்புமுன் பக்கத்து வீட்டை ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.